பின்வரிசையிலிருந்து வந்த பதில்

பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் ஓர் ஆசிரியை கேட்ட கேள்விக்கு, வகுப்பின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நான், ஐம்பத்து மூன்று வயதில், உரக்கப் பதில் சொன்னேன். கையைக்கூடத் தூக்கவில்லை. பதிலும் தப்பு. எனக்கு வலப்பக்கம் கல்வி இலாகா அதிகாரி, இடப்பக்கம் தலைமையாசிரியர். நடுவில் நான், இருவருக்கும் நன்றாகக் கேட்கும்படி.

இதில் கூடுதல் விசேஷம் என் தொழில். ஆசிரியர் வாயை மூடினால்தான் மாணவன் வாய் திறப்பான் என்று ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. கேட்டல், பேசுதல் என்று இரண்டு திறன்கள். எழுத்தும் இலக்கணமும் எப்படியோ பிழைத்துக்கொள்கின்றன. இந்த இரண்டும்தான் பினாங்கில் பல வகுப்புகளில் நோஞ்சான் பிள்ளைகளாகக் கிடக்கின்றன. அவற்றைத் தேற்ற ஆறு சனிக்கிழமைகள், பன்னிரண்டு ஆசிரியர்கள், ஒரு பள்ளி நூலகம். முதல் சனிக்கிழமை, 'ஆசிரியர் ஏன் குறைவாகப் பேச வேண்டும்' என்பதை விளக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். பேசி முடித்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், இப்ப நாங்க பேசலாமா, இல்ல அடுத்த வாரமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்தான் நான் முதலில் சொன்ன ஆசிரியை. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில் வீடு. தினமும் விடியலில் மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் கடந்து, சுங்கை பினாங்கில் இருக்கும் தமிழ்ப்பள்ளிக்கு வருவார். ஒப்பந்த ஆசிரியை. வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஆண்டு அவர் பாடம் நடத்துவதை அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்து எழுதும் அறிக்கையை வைத்துத்தான் முடிவு என்று சொல்லிவிட்டார்கள். அறிக்கை நன்றாக இல்லையென்றால் அடுத்த ஜனவரியில் வேலை இல்லை. ஏற்கெனவே ஒரு முறை அப்படி நின்று, ஒன்றரை வருடம் வீட்டில் டியூஷன் நடத்திய அனுபவம் அவருக்கு உண்டு. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலில் இருந்த கிண்டல் காணாமல் போகும்.

என் பயிற்சியின் தங்க விதி ஒன்று உண்டு. கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது, கேள்வியைத் திருப்பிக் கேட்கக் கூடாது, கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து ஜாடை காட்டவும் கூடாது. நம் பள்ளிகளில் பிள்ளைகள் சேர்ந்து பதில் சொல்வதில் மன்னர்கள். "புரிஞ்சுதா?" என்று எதைக் கேட்டாலும் "யெஸ் டீச்சர்" என்று இழுத்து ஒரே சுருதியில் பாடுவார்கள். அதே பிள்ளையைத் தனியாக நிறுத்தி, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். நேற்று பட்டினி என்பதுபோல் நிற்கும். பத்து விநாடி பொறுத்தால் அந்தக் கூட்டுக்குரல் உடைந்து தனிக்குரல் வரும் என்பது என் போதனை.

அதிகாரி வரும் தேதி தெரிந்ததும், ஆசிரியை என்னைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பிடித்தார். தலைமையாசிரியரும் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"சார், நம்ம டுரியான் பாடத்தையே செஞ்சிரலாம்லா," என்றார் தலைமையாசிரியர்.

டுரியான் பாடம் என்பது அந்தப் பள்ளியின் விருந்தினர் பாடம். யார் பார்வையிட வந்தாலும் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கு அதுதான். ஒரு பிள்ளை எழுந்து டுரியான்தான் பழங்களின் ராஜா என்று ஆங்கிலத்தில் சொல்லும். இன்னொன்று எழுந்து, முள் இருக்கும் என்று சொல்லும். மூன்றாவது பிள்ளை பாலிக் புலாவ் தோட்டத்திலிருந்து தன் மாமா கொண்டுவந்ததாகச் சொல்லும். அந்த மாமாவும் ஒத்திகையில் உருவானவர்தான். யார் எதைச் சொல்ல வேண்டும் என்பது பரம்பரைச் சொத்துப்போல அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்துவிடும்.

"அந்தப் பாடம் மூனு அதிகாரியப் பார்த்திருக்கு சார். ஒருத்தர்கூட கொற சொன்னதில்ல," என்றார் அவர் பெருமையாக.

நான் மறுத்தேன். ஒத்திகை பார்த்த பேச்சு பேச்சே அல்ல என்றேன். உண்மையான கேள்வி, உண்மையான பதில், நடுவில் உண்மையான மௌனம் என்றேன். எனக்கே பிடித்திருந்தது. ஆசிரியை கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"பிள்ளைங்க வாயே தொறக்கலன்னா உங்களுக்கு ஒன்னும் ஆகாது சார். ஊட்டுக்குப் போற ஆளு நான்தான்."

"பத்து எண்ணுங்க டீச்சர். கண்டிப்பா பேசுவாங்க."

"பதினொன்னு வரைக்கும் பேசலன்னா?"

"பேசுவாங்க."

"சார், ஒங்க பேச்சக் கேட்டுதான் செய்றேன்," என்றார். தலைமையாசிரியர் தன் மீ கோரெங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இழவு வீட்டில் சாப்பிடுகிறவரின் முகம்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பிறருக்குத் தைரியம் சொல்வது சுலபம். அந்தத் தைரியம் பலிக்குமா என்று உட்கார்ந்து பார்ப்பதுதான் கஷ்டம். பத்து விநாடி என்று எங்கே படித்தேன், அது யாருடைய வகுப்பில் பலித்தது, அங்கே எத்தனை பிள்ளைகள், பின்னால் அதிகாரி உட்கார்ந்திருந்தாரா என்றெல்லாம் அப்போதுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

அந்த நாள் வந்தது. அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. 'புவான்' என்று, அதாவது மேடம் என்று, எல்லோரும் எழுந்து நின்றோம். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் மதிப்பீட்டுப் படிவத்தை மடியில் வைத்துப் பேனா மூடியைக் கழற்றி, பின்பக்கம் மாட்டினார்.

இருபத்தாறு பிள்ளைகள். ஆசிரியை நீலச் சேலையில் வந்திருந்தார். தன் கதை ஒன்றைக் கேட்கச் சொன்னார். ஆங்கிலத்தில்தான், நிதானமாக, படம் எதுவும் காட்டாமல். போன வாரம் காலை, மழை. பாலத்தின் நடுவில், கீழே கடல், பக்கத்தில் லாரிகள். மோட்டார் நின்றுவிட்டது. கைப்பேசியில் சார்ஜ் இல்லை. பள்ளி மணி அடிக்க இருபது நிமிடம். கதை நன்றாக இருந்தது. பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். கேட்டல் திறனுக்கு முழு மதிப்பெண் என்று மனசுக்குள் போட்டேன்.

பிறகு ஆசிரியை கேட்டார்: "நான் என்ன செய்திருக்க வேண்டும்?"

மௌனம்.

யெஸ் டீச்சர் சொல்ல முடியாத கேள்வி. பிள்ளைகளுக்கு அது உடனே புரிந்துவிட்டது. இருபத்தாறு தலைகளும் மேசையைப் பார்த்தன. ஒரு பையன் ரப்பரை உருட்டினான். ஒரு பெண் திரும்பித் தலைமையாசிரியரைப் பார்த்தாள், அவர் ஏதாவது டுரியான் தருவாரா என்பதுபோல. தலைமையாசிரியரின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. எந்தத் தெய்வத்தையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆசிரியை நின்றார். கைகளைக் கோத்துக்கொண்டு, முகத்தில் சின்னச் சிரிப்போடு, நான் சொல்லிக் கொடுத்தபடியே நின்றார். கோத்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. மின்விசிறி கிறீச் கிறீச் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கணக்குச் சொன்னது. புவானின் பேனா தாளைத் தொட்டது. ஏதோ எழுதினார். சின்னதாக ஒரு சொல். என்ன சொல் அது? நான் கண்ணை ஓட்டினேன். கை மறைத்தது. இன்னொரு சொல் எழுதினார். இந்தப் பிள்ளைகள் பேசப்போவதில்லை. இந்த அம்மா வீட்டுக்குப் போகப்போகிறார். போகச் சொன்னவன் நான். பத்து விநாடி எப்போதோ முடிந்திருக்க வேண்டும். பத்தா, நாற்பது போயிருக்கும்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழை என்றொரு காரணம் உண்டு.

"மோட்டாரைத் தள்ளிக்கொண்டே மறுகரைக்குப் போயிருக்க வேண்டும்!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். நல்ல உச்சரிப்பு. அதில் குறை சொல்ல முடியாது.

இருபத்தாறு தலைகளும் திரும்பின. புவானும் திரும்பினார். ஆசிரியையின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை. பாலத்தின் நடுவில் மோட்டார் நின்றபோது அவர் முகம் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

யாரும் பேசவில்லை. இந்த மௌனம் முந்தியதைவிடக் கெட்டது, ஏனென்றால் இது முழுக்க முழுக்க என்னுடையது.

மூன்றாவது வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்:

"டீச்சர் ஆஸ்க் அஸ், சார். நாட் ஆஸ்க் யூ."

வகுப்பு மூச்சை இழுத்துக்கொண்டது. ஆசிரியை அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாக, "சார் சொன்னது சரியா?" என்று வகுப்பைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். கேட்டுவிட்டு மறுபடியும் அதே மாதிரி நின்றார்.

இந்த முறை எண்ண வேண்டிய அவசியம் வரவில்லை.

"கேனாட் புஷ், டீச்சர்!" என்றான் ரப்பர் பையன். "பிரிட்ஜ் வெரி லாங். லாரி கம், ஃபினிஷ்!"

"மை ஃபாதர் எவ்ரிடே கோ பிறை," என்றாள் இன்னொருத்தி. மோட்டாரை ஓரத்தில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், கையை ஆட்ட வேண்டும் என்று எழுந்து நின்று ஆட்டிக் காட்டினாள். கையை ஆட்டினால் லாரி நிற்காது என்றான் ஒருவன். தன் அப்பாவுக்கு நின்றதே என்றாள் அவள். பேச்சு வரிசை வரிசையாகத் தாவியது. அப்பாக்களும் அக்காக்களும் மோட்டாரில் பிறைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். பாலத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். குளிர்சாதனக் காரில் பாலம் கடக்கும் ஒரு ஆள் அதைத் தப்பாகச் சொல்லிவிட்டுப் போக அவர்கள் விடவில்லை. கடைசியில் இரட்டைச் சடை என்னைத் திரும்பிப் பார்த்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டாள்:

"சார் நெவர் ரைடு மோட்டார் ஆ?"

நெவர் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்று நான் பேசிய வாக்கியங்களில் சரியானது அது ஒன்றுதான்.

ஆனால் புவானின் முகம் மாறவில்லை. பாடம் முடிந்ததும் தலைமையாசிரியர் அறையில் நால்வரும் உட்கார்ந்தோம். தே தாரேக் தேநீரும் கறிப்பாப் பலகாரமும் வந்தன. யாரும் தொடவில்லை.

புவான் ஆசிரியையைப் பார்த்துக் கேட்டார். "பயிற்றுநர் தப்பான பதில் சொன்னாரே, அது நீங்கள் திட்டமிட்டதா?"

என் மனசு வேகமாக வேலை செய்தது. திட்டம் என்று சொல்லிவிட்டால் என்ன? வேண்டுமென்றே பிழையாகச் சொல்லி மாணவர்களைத் தூண்டும் உத்தி. அதற்கு ஒரு பெயர்கூட வைத்துவிடலாம். ஆசிரியைக்கும் நல்லது, எனக்கு ரொம்ப நல்லது. வாயைத் திறந்தேன். அதற்குள் ஆசிரியை முந்திக்கொண்டார்.

"இல்ல புவான். நான் ஏழு வரைக்கும்தான் எண்ணியிருந்தேன். அவரால தாங்க முடியல."

ஏழா? தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார். நான் கறிப்பாப்பைப் பார்த்தேன். புவான் படிவத்தில் ஒரு வரி எழுதினார், நிறுத்தினார், இன்னொரு வரி எழுதினார், மூடியைக் கழற்றிப் பேனாவை மூடினார். கடிதம் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நல்ல பாடம் என்றோ கெட்ட பாடம் என்றோ ஒரு வார்த்தை இல்லை.

"டுரியானே செஞ்சிருக்கலாம்," என்றார் தலைமையாசிரியர், கார் வெளியே போனதும். ஆசிரியை ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மன்னிப்புக் கேட்கப் பின்னாலேயே போனேன். மோட்டார் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் நின்றிருக்க மாட்டார்.

கடிதம் வர நான்கு வாரம் ஆனது. மீதி இருந்த இரண்டு சனிக்கிழமைப் பயிற்சிக்கும் அவர் வந்தார். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார், சொன்னதைச் செய்தார். கிண்டல் மட்டும் செய்யவில்லை. அந்த இரண்டு சனிக்கிழமையும் நான் வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினேன் என்று மற்றவர்கள் குறிப்பேட்டில் பாராட்டி எழுதியிருந்தார்கள். பேசப் பயமாக இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு முறை இலாகாவுக்குப் போன் போட எண்ணை அழுத்திவிட்டு வைத்தேன். நான் இன்னொரு முறை வாயைத் திறந்து அவருக்கு நல்லது நடக்கும் என்பதற்கு அதுவரை எந்த ஆதாரமும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சூலியா தெருவில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

"சார், கடுதாசி வந்திருச்சு. ரெண்டு வருசத்துக்குக் கொடுத்திருக்காங்க."

வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அரை மணி நேரம் நின்ற வரிசை அது. ரொம்ப சந்தோஷம் டீச்சர் என்றேன். அவர் சிரித்தார். பழைய சிரிப்பு. அதைக் கேட்டதும் தைரியம் வந்து, "என்னாலதான் எல்லாம் கெட்டுப்போச்சுன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றேன். அப்படிச் சொன்னால் எதிராளி, சேச்சே அப்படியெல்லாம் இல்லை, நீங்கள் அன்றைக்குப் பேசினதுதான் நல்லதாய்ப் போயிற்று என்று சொல்வது உலக வழக்கம். நான் காத்திருந்தேன்.

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன்," என்றார். "அப்பறம் சார், அந்தப் புவான் மார்ச்சுல திரும்பப் பார்க்க வராங்களாம். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீங்க ஒடம்பு சரியில்லன்னு எம்சி லீவு எடுத்துக்குங்க. வேணும்னா கிளினிக்குக்கு நானே மோட்டார்ல ஏத்திட்டுப் போறேன்."