ஓடையில் கழுவிய கால்

மக்களே, நாளைக்கு மலைக்காட்டில் நடக்கப் போகிறோமே, அதற்காக ஆரியசாலைக் கடைத்தெருவில் புகையிலை வாங்கினேன். அந்த நெடி மூக்கில் ஏறியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் என் அப்பாவுக்கு வேலை. எனக்கு உங்கள் வயது இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மேலே அருவி பார்க்கக் கூட்டிப்போனார். அட்டை ஏறாமலிருக்க, நனைத்த புகையிலையை என் காலில் அழுத்தித் தேய்த்தார்.

"நாறுதுப்பா."

"அட்டைக்கும் நாறணும்லா? சும்மா நில்லுலே."

வழியில் ஓடை வந்தது. அப்பா முன்னால் போனதும் காலைக் கழுவிவிட்டேன்.

கொஞ்ச தூரத்தில் காலெல்லாம் அட்டை. பிய்க்க உட்கார்ந்தேன். பக்கத்திலேயே யானைச் சாணம், ஆவி அடங்காமல் கிடந்தது.

"இங்கன உக்காராதலே, ஏறு!" அப்பா என்னை முதுகில் தூக்கிக்கொண்டு, அருவியை விட்டுவிட்டு வேகவேகமாக இறங்கினார்.

வீட்டில் பார்த்தால் அவர் காலில்தான் அதிக ரத்தம்.

"நீங்க தேய்க்கலையாப்பா?"

"ஒரு துண்டு போயிலதானே இருந்துச்சு. அது உனக்கே பத்தல போல," என்று சிரித்தார்.

கழுவியதை அவர் இருந்தவரை நான் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.