கோவித்துக்கொண்டு போன மாப்பிள்ளை

அப்பா கொட்டை எடுப்பார். நான் நார் உருவுவேன். நடுவில் ஒரு முறம், பக்கத்தில் கல்லுப்பு. ஒன்பது கிலோ புதுப்புளி. ஏழு கிலோ சொந்தக்காரர்களுக்கு, இரண்டு நான் தோஹாவுக்குக் கொண்டுபோக. நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். கொஞ்சம் சேர்ந்ததும் அதை உருட்டிக் கையில் தூக்கிப் பார்ப்பார்.

"ஒரு ராத்தல். இம்புட்டையும் கரைச்சு ஒரே மூச்சுல குடிச்சிருக்காரு மாப்ள. மூணு நாள் வயித்தால போயிருக்கு. பொழைச்சு எந்திரிச்சிட்டாரு."

"ராத்தல்னா நானூத்தம்பத்தி நாலு கிராம்ப்பா. நீங்க வச்சிருக்கது அரைக்கிலோவுக்கு மேல இருக்கு."

"காய்ச்சக்காரனுக்கு ஒரு பிடி கூடத்தான் குடுப்பாக."

மாப்ள என்று அவர் சொன்னது என் கணவரை அல்ல. சுமார் அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் மதுரைக்கு வந்து, இங்கே பரவிய கொள்ளைநோயில் படுத்து, புளிக்கரைசல் குடித்துப் பிழைத்த மொராக்கோ நாட்டுப் பயணி ஒருவரை. வரலாற்றில் அவருக்குப் பெயர் உண்டு. அப்பா அதைச் சொல்லமாட்டார். மாப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

அப்பா பெயர் தவசி. வயது அறுபத்தேழு. பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் புளி மண்டி வைத்திருந்தார். நாற்பது வருடம் புளி விற்றவருக்குப் புளி ஆகாது, அல்சர். எங்கள் வீட்டில் எந்தக் குழம்பும் தக்காளியில்தான். புதுச்சரக்கு வந்தால் கிள்ளி நாக்கில் வைத்து, கண்ணை மூடி, துப்பிவிட்டு, "நத்தம் பக்கம். ரோட்டோர மரம்" என்பார். மூட்டைக்காரர் ஆமாம் என்று தலையாட்டுவார். மூக்குக்கண்ணாடிக்குச் சணல் கட்டியிருப்பார். விரல்நுனிகள் பத்தும் செம்மண் நிறம்.

அவரிடம் ஒரு குணம் உண்டு. யார் எந்தக் குறை சொன்னாலும் அதை அப்படியே, சொன்ன அளவுக்கே எடுத்துக்கொள்வார். பின்னால் வேறு காரணம் இருக்கும் என்று யோசிக்கமாட்டார். புளி ஈரமாக இருக்கிறது என்று ஒருவர் விலை குறைத்துக் கேட்டால், விலை பேசாமல் புளியை வெயிலில் காயப்போடுவார்.

மூன்று வருடத்துக்கு முன் நான் ரிஃபாஸைக் கல்யாணம் செய்துகொண்டேன். இலங்கையில் சம்மாந்துறைக்காரர். தோஹாவில் என்னோடு வேலை பார்த்தவர். அப்பா ஒரு வாரம் பேசவில்லை, எட்டாம் நாள் "அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று கேட்டார். கொட்டாம்பட்டியில் இருக்கும் பெரியப்பா விருமாண்டி அப்படி இல்லை. பரவைக்கு வந்து, வாசலிலேயே நின்று சொன்னார்:

"மொறை இல்லாத எடத்துல பொண்ணக் குடுத்துட்ட. இனி உன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

அண்ணனும் தம்பியும் சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். பெரியப்பா வீட்டுக்கு வந்தால்தான் எங்கள் வீட்டில் கறி எடுப்பார்கள். அன்றைக்கு அவர் போன பிறகு அப்பா வெகுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னது இது: "மொறைதான இல்லைங்கிறாரு? கொண்டாந்துருவோம்."

பெரியப்பா சொன்ன காரணத்துக்குப் பின்னால் இருந்த காரணம் ஊருக்கே தெரியும். அப்பாவுக்கு மட்டும் அது காதில் விழவில்லை.

பதிவுத் திருமணத்துக்குக் கொடுத்த காகிதங்களை விரல் வைத்துப் படித்தார். ரிஃபாஸின் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் இலங்கைச் சோனகர் என்று இருந்தது, ஆங்கிலத்தில் மூர். மூர் என்றால் யார் என்று கேட்க, வருடா வருடம் பத்து கிலோ வாங்கும் பட்டாபிராமன் சாரிடம் போனார். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். அவர் விரிவாகச் சொல்லியிருக்கிறார்: வட ஆப்பிரிக்காவின் மூர்கள், ஸ்பெயினில் அவர்கள் ஆண்ட எழுநூறு வருடம், அங்கே இன்னும் நிற்கும் அரண்மனைகள், வெட்டிவிட்ட வாய்க்கால்கள். போகிற போக்கில், மதுரைக்கு வந்த அந்த மொராக்கோக்காரரையும் சொன்னார். அவருடைய மனைவிகளில் ஒருத்தியின் அப்பா மதுரையை ஆண்ட சுல்தான் என்றும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கக்கூடாது.

"அப்ப அவரு மதுரை மாப்ள" என்றார் அப்பா.

"அப்படி வச்சுக்கலாம்."

"மருமகனும் மூர். அப்ப நம்ம பொண்ணு குடுத்த வழி."

"தவசி, நான் சொல்றதைக் கேளும். மூர்ங்கிறது போர்த்துகீசியர் வச்ச பேரு. கடலோரத்துல எந்த முஸ்லிமைப் பார்த்தாலும் அவாளுக்கு மூர்தான். உம்ம மாப்பிள்ளைக்கும் மொராக்கோவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது."

"சம்பந்தம் இல்லைன்னு எப்பிடி சார் சொல்றீக? கல்யாணம் ஆயி மூணு மாசமாச்சு."

பட்டாபிராமன் சார் அதற்குப் பிறகு புளியை வேறு கடையில் வாங்கிப் பார்த்தார். நன்றாக இல்லை என்று திரும்பி வந்தார்.

ரிஃபாஸிடம் அப்பா நேரில் விசாரித்தார். "எங்கட வாப்பா நெல்லு வெள்ளாம செய்ற ஆளு மாமா" என்றார் ரிஃபாஸ். "அவர்ர வாப்பாவும் அதான். மொராக்கோ எந்தப் பக்கம் இரிக்கி எண்டும் எங்களுக்குத் தெரியா." அப்பா என்னைப் பார்த்து, "பெரிய வம்சம். காட்டிக்கிற மாட்டேங்கிறாரு" என்றார்.

அடுத்த விடுமுறையில் என்னிடம் ஒரு வரைபடம் கேட்டார். நான் எண்ணெய்க் குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவள். உறவுமுறையும் ஒரு குழாய்தான், எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டினால் போதும் என்றார். மேலே மதுரை சுல்தான், அவர் மகள், மொராக்கோ மாப்பிள்ளை. கீழே ரிஃபாஸ், நான்.

"நடுவுல அறுநூத்தெண்பது வருஷம் இருக்கேப்பா."

"அதுக்குப் புள்ளி வையி."

"எத்தனை புள்ளி?"

"இஞ்சினியரு நீயா நானா?"

தலைமுறைக்கு இருபத்தைந்து வருடம் என்று கணக்கிட்டு இருபத்தேழு புள்ளி வைத்தேன். பெரிய தாளில் அச்சடித்துச் சுருட்டி, காரில் கொட்டாம்பட்டிக்குப் போனோம்.

பெரியப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வரைபடத்தைக் கட்டில்மேல் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, அப்பா விளக்கினார். கடைசியாக ஒன்று சொன்னார்: "புதுசா சம்பந்தம் பண்ணலண்ணே. விட்ட சம்பந்தத்தத் தொட்டிருக்கோம்."

பெரியப்பா குனிந்து பார்த்தார். "சுல்தான் பொண்ணு குடுத்தான், சரி. நீ என்ன சுல்தானா?"

"மதுரை ராசான்னா மதுரைக்கெல்லாம் தகப்பன்தானண்ணே?"

"இது என்னடா எறும்பு ஊருற மாதிரி?"

"தலைமொறை."

பெரியப்பா இருபத்தேழையும் விரல் வைத்து எண்ணினார். பிறகு கேட்டார்: "சரி, வந்த மாப்ள என்ன ஆனாரு?"

அப்பாவுக்குப் பொய் வராது. "காய்ச்சல் வந்ததுல ஊரே வெறுத்துப்போச்சு. இருங்க, தர வேண்டியது இன்னும் இருக்குன்னு அப்ப இருந்த ராசா சொல்லியிருக்காரு. ஒண்ணும் வேணாம்னு கெளம்பிட்டாரு."

பெரியப்பா நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "அப்ப கோவிச்சுக்கிட்டுப் போயிருக்காரு."

"அப்பிடியும் சொல்லலாம்."

"கோவிச்சுக்கிட்டுப் போன மாப்ளைய வீட்டாளு போயிக் கூப்பிட்டானா?"

"தெரியலண்ணே."

"கூப்பிடல. கூப்பிடாத சம்பந்தம் அத்துப்போன சம்பந்தம்டா. மொதல்ல அவுக ஊருக்குப் போயி முறைப்படி கூப்பிட்டுட்டு வா. அப்பறம் நான் உன் வீட்டுல கை நனைக்கிறேன்." மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

திரும்பி வரும்போது மேலூர் தாண்டும்வரை அப்பா சுருட்டிய வரைபடத்தை மடியில் வைத்து நீவிக்கொண்டே வந்தார். பிறகு, "அண்ணன் சொல்றதுல நியாயம் இருக்கு" என்றார்.

தூதரகத்துக்குக் கடிதம் எழுதலாம் என்றேன். மரியாதையில்லை என்றார். நேரில் போக வேண்டும், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து. வெற்றிலை விமானத்தில் வாடிவிடாமல் இருக்க ஈரத்துணி போதுமா என்று கேட்டார். அங்கே யாரிடம் அப்பா தட்டைக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன்.

"ஊர்னா ஒரு பெரிய மனுசன் இல்லாமயா போவான்?"

இந்த மாசியில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். கைரேகை எடுக்கும் இயந்திரத்தில் அவர் விரல் எதுவும் விழவில்லை. துடைத்து, அழுத்தி, வேறு விரல் மாற்றி, பத்தும் பார்த்தார்கள். புளி அமிலம் நாற்பது வருடத்தில் ரேகையைத் தின்றிருந்தது. கவுண்டரில் இருந்த பெண், "என்ன வேலை ஐயா பார்க்கறீங்க?" என்று கேட்டார். "புளி" என்றார் அப்பா, கையை முகர்ந்துபார்க்க நீட்டியபடி. கடைசியில் இரண்டு விரல் மங்கலாக விழுந்தது.

விசாரணைக்கு ஏட்டு சுருளி மண்டிக்கே வந்தார். நான் மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எதுக்குண்ணே இந்த வயசுல மொராக்கோ?"

"மாப்ளையக் கூப்பிடப் போறேன் ஏட்டய்யா."

"அங்கயா வேலை பாக்குறாரு?"

"சொந்த ஊரே அதான். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

ஏட்டு பேனாவை மூடினார். "பொண்ணு?"

"அது பாவம், போயிச் சேந்துருச்சு."

ஏட்டு பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்தார். தன் தங்கை வீட்டுக்காரரும் இப்படித்தான் கோவித்துக்கொண்டு ஒரு வருடம் திருப்பூரில் இருந்ததாகச் சொன்னார். "கால்ல விழுகாதீங்கண்ணே. நிமிந்து நின்னு கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

நான் தோஹாவுக்குக் கிளம்பியது மறுவாரம். புளி ஆய்ந்தது அதற்கு முந்தைய நாள். பதினொரு நாள் கழித்து, காலை பத்தேகாலுக்கு, மண்டியில் மூட்டைக்குச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியோடு சாய்ந்தார். மாரடைப்பு. அப்போது நான் ஒரு வால்வின் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். அந்த எண் இன்னும் நினைவிருக்கிறது. பதினேழு புள்ளி நான்கு.

ரிஃபாஸும் நானும் வந்து சேர்ந்தோம். பெரியப்பா எல்லாவற்றையும் முன்நின்று செய்தார். ஆனால் பந்தலோடு நின்றார், வாசல்படி ஏறவில்லை. தண்ணீரை எதிர்வீட்டில் வாங்கிக் குடித்தார்.

பதினாறாம் நாள் கருமாதி. பந்தலில் ஆட்கள் கலைந்துகொண்டிருந்தபோது தபால்காரர் கனகா ஸ்கூட்டரில் வந்தார். பெரிய உறை. அதை உரியவர் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும். மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, உறையை நீட்டவும் முடியாமல் பைக்குள் வைக்கவும் முடியாமல் நின்றார்.

"என்னத்தா அது?" என்றார் பெரியப்பா, நாற்காலியிலிருந்து.

"அப்பாவோட பாஸ்போர்ட்டு பெரியப்பா."

"அவனுக்கு என்னத்துக்குப் பாஸ்போட்டு?"

"மொராக்கோ போறதுக்கு. நீங்க கூப்பிட்டுட்டு வரச் சொன்னீங்கள்ல."

பெரியப்பா என்னைப் பார்த்தார், கனகாவைப் பார்த்தார். "நெசமாவா?"

"சித்திரைத் திருவிழா முடிஞ்சு கிளம்புறதா இருந்தாரு."

"நான் வாய்க்கு வந்ததச் சொன்னேன்த்தா."

 கனகா உறையைப் பைக்குள் வைத்தார். ஸ்கூட்டர் தெரு திரும்பும்வரை பெரியப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிறுக்குப்பய" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "கிறுக்குப்பய."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பந்தலில் மீதியிருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "மூத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையில சின்னவன் போயிக் கூப்பிட்டா எந்த மாப்ள வருவாரு? இதுகூடத் தெரியல இவனுக்கு."

சட்டைப்பைக்குள் கைவிட்டு ஆதார் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "எனக்கு ஒண்ணு எழுதிப் போடுத்தா. போட்டோ வேணும்ல? மாப்ளைய எடுக்கச் சொல்லு. பின்னாடி செவுரு வெள்ளையா இருக்கணுமாம்ல."

பாஸ்போர்ட் அலுவலகத்திலேயே படம் எடுத்துக்கொள்வார்கள். நான் அதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வெளிச்சுவர் பச்சை. வெள்ளைச்சுவர் உள்ளே மட்டும்தான் இருக்கிறது. பெரியப்பா செருப்பைக் கழற்றினார். படியேறி, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, உள்ளே போய்ச் சுவரோடு சுவராக நின்றார். ரிஃபாஸ் கைப்பேசியைத் தூக்கினார். "இருங்க மாப்ள" என்று பெரியப்பா கையமர்த்தி, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். போட்டதைக் கழற்றி, நிதானமாக, மறுபடியும் சரியாகப் போட்டார்.