தரளம் என்று எழுதிய பெண்

முத்துக்குத் தரளம் என்று ஒரு பழைய பெயர் உண்டு. இப்போது யார் சொல்கிறார்கள்? நகைக்கடைக்காரருக்கே தெரியாது. அந்தக் காலத்திலும் கோயில் நகைகளின் பட்டியலைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் பெரும்பாலும் முத்து என்றே வெட்டினார்கள். பாட்டுக் கட்டினவர்கள்தான் தரளம் என்றார்கள். நிகண்டை உருப்போட்டு அதைக் கற்றவள் நான். ஸ்ரீரங்கத்தில் பிறந்து, பாசுரம் கேட்டு வளர்ந்து, வித்துவான் பட்டமும் வாங்கியவள். அந்தத் திமிர் எனக்கு உச்சந்தலை வரை இருந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சி டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தேன். எட்டாம் வகுப்பில் பெரிய கடை வீதி அத்தர் வியாபாரியின் மகள் ஒருத்தி படித்தாள். காவிரியைப் பற்றிய கட்டுரையில், படித்துறையில் சிதறிய நீர் தரளம் போல இருந்தது என்று எழுதியிருந்தாள்.

"யாருடீ எழுதிக் கொடுத்தா?"

"நானேதான் டீச்சர். வெள்ளிக்கிழமை எங்க அத்தா நபி சரித்திரப் பாட்டு படிப்பாங்க. அதுல வரும்."

வகுப்பே கேட்கச் சிரித்தேன். சாயபு வீட்டில் தரளமா என்ற இளக்காரம். நோட்டில் சிவப்பு மையால் 'பார்த்து எழுதியது' என்று போட்டு, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன்.

மறுநாள் அவளுடைய அத்தா, அந்த அத்தர் வியாபாரியே வந்தார். துணியில் சுற்றிய தடித்த புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். அத்தனையும் தமிழ் விருத்தம். ஒரே பக்கத்தில் இரண்டு இடத்தில் தரளம். எனக்கு முகம் சுட்டது.

"பெரிய மனுஷியாயிட்டா, படிப்பு போதும்னு வீட்டுல எல்லாரும் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க டீச்சர். நான் ஒருத்தன்தான் விடாம அனுப்புறேன். இப்ப நோட்டுல நீங்க எழுதினதைப் பார்த்துட்டு, பொய் சொல்லக் கத்துக்கவா ஸ்கூலுக்குப் போறான்னு கேக்குறாங்க. அந்தச் சிவப்பு வரியை மட்டும் அடிச்சுக் கொடுங்க. அது போதுங்க."

ஒரு கடைக்காரர் எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதா என்று வயிறு எரிந்தது. "பாட்டுலேர்ந்து எடுத்தாலும் பார்த்து எழுதினதுதான். அடிக்க முடியாது" என்றேன். நான் மட்டும் சொற்களை வீட்டுக் கொல்லையிலா விளைவித்தேன்? பாவி!

அவர் கோபப்படவில்லை. "சரிங்க டீச்சர், போயிட்டு வரேன்" என்று புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் அவள் பள்ளிக்கு வரவில்லை. மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை நான்தான் அடித்தேன். கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.