அவசரம் லேதண்டி

எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு இரண்டு வாழ்க்கை வரலாறுகள் உண்டு. பஸ் ஸ்டாண்டு எதிரே டி.டி.பி. கடை வைத்திருக்கிற நான்தான் இரண்டையும் டைப் செய்தவள். தெலுங்குப் புத்தகத்தில் அவர் தெலுங்குத் தாயின் தவப்புதல்வர். தறிக்காரத் தெருக்களில் கொடுக்கும் தமிழ்ப் புத்தகத்தில் 'உங்கள் வீட்டுப் பிள்ளை'. ஒரே போட்டோ, ஒரே கும்பிடு, தாய்தான் வேறு.

உண்மையில் அவர் ஷாமியானா கடைக்காரர். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் கல்யாணமோ கருமாதியோ, நாற்காலியும் மைக்கும் அவரிடமிருந்துதான் வரும். 'ஊருக்கெல்லாம் நாற்காலி போட்டவர், கடைசியில் தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டார்' என்று நான் எழுதித்தான் கொடுத்தேன். அவருடைய பி.ஏ. அதை அடித்துவிட்டு 'எளிய பின்னணி' என்று எழுதினான். அடுத்த பக்கத்தில் 'கொள்கைகள்' என்று தலைப்பு. கீழே 'நேர்மை' என்று போட்டு, பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி போடச் சொன்னான். எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது, போட்டுவிட்டேன்.

வீட்டில் அவர் பேசுவது தமிழ். வாசல்படி தாண்டினால் சுத்தத் தெலுங்கு. ஏனென்றால் எதிர்க்கட்சிக்காரர்கள் சமயம் கிடைத்தால் 'அரவம்' என்பார்கள். தமிழனைத் தெலுங்கில் கேலியாகச் சொல்லும் பேர் அது. அந்தப் பேர் ஒட்டிக்கொண்டால் ஓட்டு போய்விடும் என்று மனுஷனுக்கு உள்ளுக்குள் உதறல்.

எங்கள் அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் திருப்பதியில் டயாலிசிஸ். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் படுக்கை கிடைக்கும். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழியெல்லாம் வாந்தி எடுப்பாள். ஒருநாள், "இனிமே என்னைக் கூட்டிக்கினு போவாதடி. அலுத்துப் பூடுச்சி. வுட்டுடு" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி அவளைத் திட்டினேன். அப்புறம் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குள் போய் அழுதேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கே மிஷின் வந்தால் அவள் இருப்பாள். வராவிட்டால் அவளே ஒருநாள் போகமாட்டேன் என்று படுத்துக்கொள்வாள்.

மனு எழுதிக்கொண்டு இரண்டு பேரும் எம்.எல்.ஏ.வின் கேம்ப் ஆபீசுக்குப் போனோம். அங்கே தினமும் திருவிழாக் கூட்டம்தான், எல்லாம் திருமலை தரிசனத்துக்குச் சிபாரிசு லெட்டர் கேட்டு வந்தவர்கள். எங்கள் தொகுதியில் மக்கள் சேவை என்றால் முக்கால்வாசி அதுதான். பி.ஏ. எங்கள் மனுவைத் தொடாமலே, "எத்தினி பேரு? எந்தத் தேதி?" என்றான்.

"ஒரே ஆளு. வாரத்துக்கு மூணு நாளு, உசுரு கீற வரிக்கும்" என்றாள் அக்கா.

உள்ளேயிருந்து எம்.எல்.ஏ. சிரித்துவிட்டார். கூப்பிட்டு உட்கார வைத்து, தமிழிலேயே, "இன்னாக்கா இப்டி எளைச்சிப் பூட்ட? உன் கல்யாணத்துக்கு நான்தான் சேர் போட்டேன். ரெண்டு சேரு திரும்பி வரல, ஞாபகம் கீதா?" என்றார்.

"சாவப்போறவகிட்ட கேக்குற கேள்வியா இது?" என்றாள் அக்கா.

சும்மா சொல்லக்கூடாது, உடனே சுகாதாரத்துறை ஆபீசருக்குப் போன் போடச் சொன்னார். நாங்கள் காபி குடித்துக்கொண்டு பழைய கதை பேசிக்கொண்டிருக்கும்போதே ஆபீசர் திரும்பக் கூப்பிட்டார். நம்ம தலைவர் எந்தப் போனையும் ஸ்பீக்கரில்தான் போடுவார், கூட்டத்துக்கு அவருடைய மதிப்பு தெரிய வேண்டாமா?

"சார், மீ ஊரிகி டயாலிசிஸ் யூனிட் அவசரமா?" என்றது போன்.

எம்.எல்.ஏ. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, அத்தனை பணிவாக, "அய்யய்யோ, அவசரம் லேதண்டி. மீ இஷ்டம்!" என்றார். போனை வைத்துவிட்டு எங்களிடம், "பெரிய ஆபீசரு. தொரத்தக் கூடாது பாரு. தன்னால வரும்" என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். இரண்டு பாஷையை டைப் செய்தே சோறு தின்கிற நானும், அடடா என்ன மரியாதை என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் கழித்து மிஷின்கள் பக்கத்துத் தொகுதியில் போய் இறங்கின. பி.ஏ. கொதித்துக்கொண்டு என் கடைக்கு வந்தான். அந்த ஆபீசரை சஸ்பெண்டு செய்யச் சொல்லி ஒரு புகார் டைப் செய்ய வேண்டுமாம். கூடவே, ஏன் இப்படி என்று கேட்டதற்கு ஆபீசர் அனுப்பிய பதில் கடிதத்தையும் கொடுத்தான். 'அவசரம் லேது என்று உறுப்பினரே போனில் சொன்னார்' என்று அதில் தெலுங்கில் இருந்தது. கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. 'உங்கள் ஊருக்கு அது தேவையா?' என்று ஆபீசர் கேட்டிருக்கிறார். 'ஐயோ, தேவையே இல்லை, உங்கள் இஷ்டம்' என்று இவர் சொல்லியிருக்கிறார். நாம் சொல்லும் அவசரத்துக்குத் தெலுங்கில் 'தொந்தர' என்று பேர். அது எம்.எல்.ஏ.வுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அக்காவோடு தமிழ் பேசிக்கொண்டிருந்ததில் எங்கள் எல்லார் காதும் தமிழிலேயே இருந்துவிட்டது.

பி.ஏ.வையும் இழுத்துக்கொண்டு நேரே எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போய்க் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அட கடவுளே! அவரு இன்னா கேட்டாரு, நான் இன்னா சொல்லிக்கினு கீறேன்!"

"சார், இத்த வெளிய சொல்லாதீங்க. அரவம்னு போஸ்டரே அடிச்சிருவானுங்க. ஆபீசர் தலையில கட்டிடலாம்" என்றான் பி.ஏ.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கட்டுங்க. அப்டியே எங்க அக்காவுக்குப் பாடையும் கட்டிடுங்க. விசாரணை முடிஞ்சி மிஷினு வரதுக்குள்ள அவ இருக்க மாட்டா" என்றேன். எம்.எல்.ஏ. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சித்தூரில் மாவட்டக் கூட்டம். ஃபைலைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி என்னையும் கூட்டிப்போனார். எதிர்க்கட்சிக்காரர்கள், டி.வி. கேமராக்கள், ஒரு மூலையில் வியர்த்துக்கொண்டு அந்த ஆபீசர். எம்.எல்.ஏ. எழுந்து, பழைய தொழில் புத்தி போகாமல் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். அப்புறம் தெலுங்கில் சொன்னார்: ஆபீசர் மேல் குற்றமில்லை, என் வீட்டில் பேசுவது தமிழ், அவர் சொன்ன வார்த்தையைத் தமிழாகக் கேட்டுவிட்டேன், தப்பு என்னுடையது.

ஹால் முழுக்கச் சிரிப்பு. "அரவம்! அரவம்!" என்று யாரோ மேஜையைத் தட்டினார்கள். அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. ஆனாலும் உட்காரவில்லை. சிரித்து முடிக்கட்டும் என்று நின்றார். அப்புறம் ஒரே போடாகப் போட்டார். "மாகு அதி அவசரம். தொந்தரகா காவாலி!" எங்களுக்கு அது தேவை, சீக்கிரம் வேண்டும். இந்தத் தடவை இரண்டு வார்த்தையும் சரியாக இருந்தன. நான் கடைசி வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில், "போச்சிம்மா, அடுத்த எலக்சன் பூடுச்சி" என்றார். பிறகு காரை நிறுத்தச் சொல்லி நாலு மிளகாய் பஜ்ஜி தின்றார்.

போஸ்டர் ஒட்டத்தான் ஒட்டினார்கள். இப்போது ஊரில் அவர் பேரே 'அவசரம் எம்.எல்.ஏ.'தான். புத்தகத்தை இரண்டு பாஷையிலும் ஒரே மாதிரி மாற்றி அடிக்கச் சொன்னார். 'நேர்மை'யை விட்டுவைத்தேன், ஆச்சரியக்குறிகளை எடுத்துவிட்டேன்.

அடுத்த தவணை மிஷின்கள் வந்தபோது எங்கள் ஊருக்கும் கிடைத்தது. முதல் நாள், பழக்க தோஷத்தில் நாலு மணிக்கே எழுந்து அக்காவை உலுக்கினேன்.

"இன்னாத்துக்குடி எழுப்புற? பத்து மணிக்குப் போனா போதும். அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள்.

பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது இரண்டு பாஷையிலும் சரி.