அரைஞாணில் கோத்த சுறாப் பல்

அப்பாவை அடக்க எங்கள் குடும்பக் கல்லறையைத் திறந்தபோது, என் மனைவி ஒரு வெள்ளைத் துணியோடு குழியோரம் வந்து நின்றாள். பழைய எலும்புகளைத் துணியில் கட்டிப் புதுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். உள்ளே இருந்தது எங்கள் மகன். பல வருடங்களுக்கு முன், கைக்குழந்தையாகவே காய்ச்சலில் போனவன். தாத்தா பக்கத்தில் அவனை வைக்குமுன் ஒருமுறை கையில் ஏந்திக்கொள்ள வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

நான் அறிவியல் வாத்தியார். அவன் பிறந்த சமயம் பள்ளிப் பிள்ளைகளை அரியலூர்ப் பக்கம் கூட்டிப் போயிருந்தேன். அங்கே ஓடைச் சரிவில் ஒரு சுறாப் பல் கிடைத்தது. அந்த நிலம் கடலாக இருந்த காலத்துச் சுறா. அந்த இனமே பூண்டோடு அழிந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. பல் மட்டும் கல்லாகிக் கிடந்தது, விளிம்பு இன்னும் கூராக. பெருமை தாங்காமல் வெள்ளிப் பூண் போட்டுப் பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் கோத்தேன். பிள்ளை பயப்படாமல் இருக்கப் புலி நகம் கட்டுவதுதான் வழக்கம்.

"புலி நகம் கேட்டா சொறாப் பல்லக் கொண்டாந்திருக்கான். குடிக்கவே தண்ணியில்லாத ஊருக்குச் சொறா எங்கிட்டுடா வருது?" என்று அப்பா சிரித்தார்.

பிள்ளையை அடக்கிய அன்று அதைக் கழற்ற என் மனைவி விடவில்லை.

இப்போது குழி தோண்டியவர் உள்ளே இறங்கி வெகுநேரம் துழாவினார். "பச்சப்புள்ள எலும்புல்ல சார், கரைஞ்சு போச்சு. இது மட்டுந்தான் கெடக்கு" என்று நீட்டினார். பூண் கறுத்திருந்தது. பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடம்பில் கடைசிவரை நிற்பது பல்தான் என்று வகுப்பில் எத்தனை முறை அளந்திருக்கிறேன்! என் பிள்ளைக்கு ஒரு பல்கூட முளைத்திருக்கவில்லை. அந்தச் சனியனைத் தூக்கி எறிந்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

"அது எனக்கு வேணாங்க" என்றாள் அவள். குவித்திருந்த மண்ணருகே உட்கார்ந்து, ஒரு கைப்பிடி அள்ளித் துணியில் வைத்தாள்.

"அது மேல்மண்ணும்மா" என்றார் குழிக்குள் இருந்தவர், தயங்கித் தயங்கி.

"அப்ப அவன் கெடந்த மண்ணு எது?"

அவர் மேலேறி வந்து, குழிக்கு இருபுறமும் கிடந்த குவியல்களைப் பார்த்தார். அள்ளிப் போட்டதில் எல்லாம் கலந்திருந்தது. "தெரியலம்மா" என்றார்.

அப்பாவின் பெட்டி வந்து இறங்கிய பிறகும், அவள் இரண்டு குவியலையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.