மூடிக்குள் வைத்த பொட்டு

பிலிம் போட்ட கேமராவின் பின்மூடியைத் திறந்தவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. "உள்ள என்ன இருக்குன்னு சும்மா பார்த்தேன்ணே" என்று இழுப்பார்கள். உள்ளே இருப்பதைப் பார்க்கத்தானே கழுவித் தருகிறோம், அதற்குள் என்ன அவசரம் என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிடுவேன். வாரக் கடைசிகளில் புக்கிட் பெலண்டோக்கில் என் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் மேசை போட்டு, பழைய கேமராக்களைப் பிரித்து மாட்டுகிறேன். பிழைப்புக்குப் போர்ட்டிக்சனில் தொழிற்சாலை வேலை இருக்கிறது, இது ஆசைக்கு. இப்போது இளசுகளுக்குத் திடீரென்று பிலிம் மேல் மோகம் வந்துவிட்டதால் மேசை காலியாவதே இல்லை.

நம் மலேசிய ஈரத்துக்கு எந்த லென்ஸும் தப்பாது. கண்ணாடிக்குள் பூஞ்சை நூல் நூலாக ஓடியிருக்கும். ஈரம் ஏறக்கூடாது என்று அரிசி டின்னுக்குள் போட்டுவைத்த புண்ணியவான்களும் உண்டு. அவர்களுடைய லென்ஸின் வளையத்தைத் திருப்பினால் நறநறவென்று தவிடு கொட்டும். பூஞ்சையைத் துடைக்கலாம், தவிட்டை ஊதலாம், இறுகிப்போன கிரீஸைக் கரைக்கலாம். வெளிச்சம் பட்ட பிலிமை மட்டும் எவனாலும் ஒன்றும் செய்ய முடியாது. என் கோபத்துக்கு அதுதான் காரணம்.

அப்படி இருக்கையில், லிங்கிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். மஞ்சள் துணியில் சுற்றிய கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, மேசையில் வைக்கச் சொல்லியும் வைக்காமல் பேசினார். கேமரா அவருடைய வீட்டுக்காரருடையது. தோட்டத்து லாரி ஓட்டியவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்றால் லாரியை ஓரங்கட்டிவிட்டுக் கேமராவைத் தூக்கிக்கொள்வாராம். அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

"ஊர்ல எல்லாரையும் எடுத்தாரு தம்பி. அவரை யாரும் எடுக்கல" என்றார் அக்கா. "வீட்ல மாட்டியிருக்கறது ஐசி அடையாள அட்டையில இருந்த படத்தைப் பெருசு பண்ணது. போலீஸ் புடிச்சிட்டுப் போன ஆளு மாதிரி முழிச்சிக்கிட்டு இருக்காருலா. அவரு அப்படியா இருந்தாரு?"

அவருடைய படம் ஒன்றே ஒன்று, முக்கால்வாசி ஓடிய ரோலோடு இந்தக் கேமராவுக்குள் இருந்தது. திருவிழா முடிந்த மறுநாள் காலை அவர் வேட்டியோடு வாசலில் நின்றபோது, விளையாட்டாகக் கேமராவை அக்காவிடம் கொடுத்திருக்கிறார். "எதை அமுக்கணும்?" என்று அக்கா திருதிருவென முழிக்க, அவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்க, அந்தச் சிரிப்பிலேயே அக்கா அமுக்கிவிட்டார். அத்தோடு கேமரா இறுகிப்போனது. பிலிமைத் தள்ளும் கைப்பிடி நகரவேயில்லை. "உன் கை ராசி அப்படி, ஒரே அமுக்குல நின்னுபோச்சு" என்று அவர் கேலி செய்தாராம். சிரம்பானுக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் மாரடைப்பில் போய்விட்டார். ரோல் முடியாமல் வெளியே எடுக்கக்கூடாது என்று அவர் எப்போதோ சொன்னது அக்காவின் மனதில் நின்றுவிட்டது. இறுகிய கேமராவில் ரோல் எப்படி முடியும்? அது அப்படியே சாமி மேடையில் இருந்துவிட்டது.

"அந்தச் சிரிச்ச மூஞ்சி வந்துடுமா தம்பி?"

நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. அன்று கொடுத்துவிட்டேன். சாமி மேடையில் இருந்த பொருள், யாரும் நோண்டியிருக்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. "உள்ள பத்திரமா இருக்கும்கா. வந்துடும்" என்றேன். அக்கா அப்போதுதான் கேமராவை மேசையில் வைத்தார்.

அவர் போனபின் பார்த்தேன். எத்தனை படம் எடுத்தாகிவிட்டது என்று காட்டும் முள் தொடக்கத்தில் நின்றது. ரோலில் முக்கால்வாசி ஓடிவிட்டது என்று அக்கா சொன்னாரே, முள் ஏன் இங்கே நிற்கிறது? பழைய கேமராவில் அந்த ஸ்பிரிங் அறுந்துபோவது சகஜம், இதிலும் போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். பின்மூடியைத் திறந்தாலும் அந்த முள் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். அது எனக்குத் தெரியாததா? அதை வைத்தே எத்தனை பேரின் பொய்யைப் பிடித்திருக்கிறேன். அன்று கேமரா உண்மையைத்தான் சொன்னது. நான் அதைப் பழுது என்று தள்ளினேன்.

பிலிமை எடுக்க இருட்டுப்பை என்று ஒன்று வைத்திருக்கிறேன். சட்டைக்கையில் நுழைப்பதுபோல இரண்டு கைகளையும் நுழைத்து, துளி வெளிச்சம் படாமல் உள்ளே வேலை பார்க்கலாம். கேமராவைப் பைக்குள் வைத்து மூடியைத் திறந்தேன். விரலில் ஏதோ பொருபொருவென்று உதிர்ந்தது. மூடி ஓரத்துக் கறுப்பு ஸ்பாஞ்சு பழசானால் தார்போல ஒட்டும். இது ஒட்டவில்லை. பிலிமைக் கழுவும் டப்பாவுக்குள் பத்திரப்படுத்திவிட்டுக் கேமராவை வெளியே எடுத்தேன். பார்ப்பதற்கு முன்பே சந்தன வாசம் வந்தது. மூடியின் உட்புறத்தில் பொட்டின் மேல் பொட்டாகச் சந்தனம் காய்ந்து தடித்திருந்தது. நடுவில் குங்குமம்.

உடனே அக்காவுக்குப் போன் செய்து, பொட்டு வைத்தது யார் என்று கேட்டேன்.

"நான்தான் தம்பி. அவரு ஆயுத பூசைக்கு லாரி பானட்டைத் தூக்கி எஞ்சினுக்குத்தான் பொட்டு வைப்பாரு. வெளிய வச்சா மழையில போயிடும், உள்ள வச்சாத்தான் வண்டிக்கு வச்சதும்பாரு. கேமராவுக்கும் அப்படித்தான், மேல இருக்கற குமிழை இழுத்து, மூடியைத் திறந்து. அவரு போனப்புறம் ஒரு வருஷம்கூட நான் விடலையே."

பிலிம் இல்லாத கேமராவைத்தான் அக்காவின் வீட்டுக்காரர் திறந்திருப்பார். அதைச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மனுஷன். மற்றவர்களைப் பிடித்துக் காய்ச்சுகிற நான், அன்று சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

பிலிமைக் கழுவினேன். கழுவாமல் விட்டால் அது வேறு மனதை அரிக்கும். கைப்பிடி நகராததால் அவருடைய படம் மூடிக்கு நேர் எதிரிலேயே நின்றிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை விளக்கு வெளிச்சம் அதன் மேல்தான் விழுந்திருக்கிறது. கரியாக இருந்தது. அதற்கு முன் எடுத்தவையும் கரிதான். சுருளின் உள்சுற்றில் ஒளிந்திருந்த முதல் மூன்று படங்கள் மட்டும் ஓரம் வெந்துபோய்த் தப்பியிருந்தன. மூன்றையும் படமாகப் போட்டேன். கேமராவையும் சரிசெய்தேன். லென்ஸில் பூஞ்சையைத் துடைத்து, காய்ந்த கிரீஸைக் கரைத்தேன். பொட்டைச் சுரண்ட மனசு வரவில்லை. இருந்தாலும், தூள் உள்ளே போனால் மறுபடியும் இறுகிவிடுமே என்று சுரண்டினேன்.

அக்கா புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். நான் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "பிலிம் ரொம்பப் பழசுக்கா. கடைசியில இருந்ததெல்லாம் போயிடுச்சு. இது மூனுதான்."

அவர் படங்களை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். புழக்கடைப் படியில் ஒரு பெண் நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கிறாள். அடுத்ததில் நிமிர்ந்து முறைக்கிறாள். மூன்றாவதில் முறைக்க முடியாமல் சிரிக்கிறாள்.

"இது நான்லா" என்றார். "புது ரோல் போட்டா முதல் ரெண்டு மூனு படம் வீணாப் போகும்னு என்னை எடுப்பாரு. வேற வேலை இல்லையான்னு திட்டுவேன்."

"நல்லா வந்திருக்குக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது?

மூன்றையும் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தார். இன்னொன்று இடையில் ஒட்டியிருக்குமோ என்று விரலால் பிரித்தும் பார்த்தார்.

"என்னை வச்சிக்கிட்டு நான் என்ன தம்பி செய்யறது?"

என் வீட்டுக்காரி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. நான் வாக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் இவர் பழைய சேலையில் வந்திருப்பார்.

கேமராவைக் கையில் கொடுத்தேன். கைப்பிடியைத் தள்ளி ஒருமுறை அமுக்கினார். "இதே சத்தம்தான்" என்றவர், மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார். மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருந்த இடம்வரை கூடப் போனேன். ஏறுமுன் திரும்பினார்.

"வர்ற பூசைக்கு எப்பவும்போல உள்ள பொட்டு வைக்கலாம்தானே தம்பி? ஒன்னும் கெட்டுடாதே?"

"வைங்கக்கா" என்றேன். "இனிமே ஒன்னும் கெடாது."