காற்று படியாத இடம்

அத்திம்பேரின் காரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மஞ்சள் கம்பளி நூல். ஆரியசாலையில் ஒரு கடையில் அதை வாங்கினேன். ஸ்வெட்டருக்கா, குழந்தைத் தொப்பிக்கா என்று கடைக்காரர் கேட்டார். காருக்கு என்றேன். "அப்ப திருஷ்டிக்கு. அதுக்குக் கறுப்பாக்கும் நல்லது" என்று வேறு உருண்டையை எடுக்கப் போனார். கருநீலக் காரில் கறுப்பு நூல் ஒட்டினால் யார் கண்ணுக்குத் தெரியும் என்று சிரித்துக்கொண்டே மஞ்சளைக் கட்டிக்கொண்டு வந்தேன். விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒவ்வொன்றின் நுனியையும் டேப்பால் பானெட்டின் மேல் ஒட்டினேன். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல வரிசை பிசகாமல் ஒட்டினேன். இருநூறுக்கு மேல் இருக்கும். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது என் கைவேலையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

அத்திம்பேர் என் அக்காவின் கணவர். கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு திருநெல்வேலிப் பக்கத்துப் பூர்வீக நிலத்தை விற்று, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு கோட்டைக்குப் பக்கத்து அக்ரகாரத் தெருவுக்குள் ஓட்டி வந்தார். தெருவே வாசலுக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தது. ஆட்டோ திரும்பவே திணறுகிற தெரு அது. இந்த வயதில் இவருக்கு என்ன வந்தது என்று மாமிகள் அக்காவைத் துளைத்தெடுத்தார்கள். அக்கா எதையும் கண்டுகொள்ளவில்லை. தினமும் விடிகிற நேரத்தில் அவர் ஈஞ்சக்கல் வழியாக பைபாஸ் ஏறி, கோவளம் வரை போய்விட்டுக் காப்பி நேரத்துக்குத் திரும்பிவிடுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அப்பா இல்லாத வீட்டில் பெண்ணான என்னை மேலே படிக்க வைக்கச் சொல்லிச் சண்டை போட்டவர் அவர்தான். என் வேலை காற்றோடு. ஒரு பெரிய குழாய்க்குள் விசிறியைச் சுழலவிட்டு, உள்ளே வைத்த பொருளின் மேல் காற்று எப்படி ஓடுகிறது என்று பார்த்துக் குறித்து வைக்கிற உத்தியோகம். அதனால் அவர் என்னை 'காத்து டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்.

டாக்டருக்கு வேலை வந்தது கார் வாங்கி மூன்றாவது வருஷம். அதற்குச் சில மாதம் முன்னால், கரமனையில் சிநேகிதர் வீட்டில் நிறுத்தியிருந்தபோது பானெட்டில் தேங்காய் விழுந்துவிட்டது என்று சொல்லி, நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் விட்டுச் சரி பண்ணிக்கொண்டு வந்திருந்தார். இந்த ஊரில் கார் மேல் தேங்காய் விழுவது ஒரு சேதியே இல்லை. பிறகுதான் இன்ஜின் சூடாக ஆரம்பித்தது. ஷோரூமில் காட்டலாமே என்றேன். "அவா கிட்டயெல்லாம் வேண்டாம். நம்மாத்துலயே டாக்டர் இருக்கச்சே எதுக்கு?" என்றார். எனக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. அவர் வீட்டுப் பின்புறத்து ஷெட்டில் விடுமுறை நாட்களில் அந்தக் காரின் முகத்தைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

முன் பம்பரைக் கழற்றியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. கிரில் வழியாக வருகிற காற்றை நேராக ரேடியேட்டருக்குத் தள்ளிவிட இரண்டு பக்கமும் மடிப்புத் தகடுகள் இருக்க வேண்டும். அவற்றைக் காணோம். காற்றைப் போல ஒரு சோம்பேறி கிடையாது. ரேடியேட்டரின் நெருக்கமான இடுக்கில் புகுந்து போவதைவிடப் பக்கத்துச் சந்தில் நழுவிப் போவதுதான் அதற்கு இஷ்டம். நாகர்கோவில்காரர் அவசரத்தில் மாட்ட மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அலுமினியத் தகட்டை வெட்டி மடித்துப் புதிதாகப் பக்கச் சுவர் வைத்தேன். ஓரங்களில் ஸ்பாஞ்சு ஒட்டினேன். பம்பரின் கீழ் வாயைக் கொஞ்சம் அகலமாக்கி, அடியில் ஒரு தகடும் போட்டேன். கிழக்கேகோட்டை நெரிசலில் அரைமணி நேரம் நின்றோம். சூடு காட்டும் முள் அசையவில்லை. அத்திம்பேர் என் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் முள் ஏறியது. திருவல்லம் பாலம் தாண்டி, கோவளம் திருப்பத்துக்குச் சற்று முன்னால். நான் தனியாக எடுத்துக்கொண்டு போய் நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகவும் ஓட்டினேன், விரட்டியும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் ஸ்டியரிங் பிடித்தால் அந்த இடத்தில் முள் ஏறும், தாண்டினதும் இறங்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முறை கண்ணால் பார்த்தேன். சென்சார் ஒயரை மாற்றினேன், ஃபேனை மாற்றினேன். சமதளமான சாலை, கடல்காற்று வேறு. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள்கூட அங்கே அலட்டிக்கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தன. எனக்கு எரிச்சல்தான் வந்தது, பயம் வரவில்லை.

அப்போதுதான் அவர் பானெட்டில் வெட்டச் சொன்னார். உள்ளே அடைந்த சூடு வெளியேற பானெட்டில் செதில்செதிலாகத் திறப்பு வைப்பது ஸ்போர்ட்ஸ் கார்களில் வழக்கம்தான். ஆனால் அதை முன்பக்கம், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வைக்க வேண்டும். அங்கேதான் மேலே ஓடுகிற காற்று உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுக்கும். அவர் விரலால் கோடு போட்டுக் காட்டியது டிரைவர் பக்கம், கண்ணாடியை ஒட்டி. அங்கே காற்று முட்டி அழுந்தி நிற்கும். திறந்தால் வெளிக்காற்று உள்ளேதான் போகும். கணக்குப் பேராசிரியருக்கு இது புரியாமல் இல்லை. நான் படம் போட்டு விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "செரி, பக்ஷே நீ இங்கயே வெட்டிடு" என்றார். மூன்று வாரம் இதே வாக்குவாதம். கடைசியில், காற்று போகிற போக்கைக் கண்ணால் பார்த்தால் ஒப்புக்கொள்வார் என்றுதான் நூல் வாங்கப் போனேன்.

விடிந்து வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் படம் எடுக்கப் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பைபாஸில் வேகம் எடுத்ததும் நூல்கள் எல்லாம் ஒரே சீராகப் பின்னால் சாய்ந்து பானெட்டோடு படிந்தன. நான் ஒவ்வொரு வரிசையாகக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தேன். திருவல்லம் பாலம் தாண்டினோம். அப்போது சில நூல்கள் படியாமல் இருப்பதைக் கவனித்தேன். டிரைவர் பக்கத்து முன் விளிம்பில் ஆரம்பித்து, குறுக்காகக் கண்ணாடி வரைக்கும் ஒரு பகுதியில் மட்டும் நூல்கள் எழுந்து நின்று நடுங்கின. சுற்றியிருந்தவை படிந்து கிடந்ததால் அந்தப் பகுதியின் ஓரம் தெளிவாகத் தெரிந்தது. டேப் சரியாக ஒட்டவில்லை என்று நினைத்து முன்னால் குனிந்தேன். பக்கத்திலிருந்து அத்திம்பேரின் குரல் கேட்டது. உரக்கச் சொல்லவில்லை. எனக்காகச் சொன்னதாகவும் தெரியவில்லை.

"கையை மடக்கிண்டு படுத்துண்டிருக்கா."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது. முன் விளிம்பில் இடுப்பு. மேலே ஏறி ஒரு தோள். தோளுக்குக் கீழே மடங்கின கை. கண்ணாடியை ஒட்டி, அவர் வெட்டச் சொன்ன இடத்தில், வட்டமாகத் தலை. முள் சிவப்புக் கோட்டுக்குப் போயிருந்தது. நிறுத்துங்கோ அத்திம்பேர், நிறுத்துங்கோ என்று கத்தினேன். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். வண்டி நின்றால் நூல் விழுந்துவிட வேண்டும். மற்றதெல்லாம் விழுந்தன. அந்தப் பகுதியில் இருந்தவை விழவில்லை. பக்கத்துத் தென்னையில் ஓர் ஓலை அசையவில்லை, பானெட்டின் மேல் அவை மட்டும் நின்று நடுங்கிக்கொண்டிருந்தன. சூடு மேலே எழும்பினால் நூல் ஆடும், அது எனக்குத் தெரியும். ஒரு பெண்ணின் வடிவத்தில் மட்டும் ஏன் எழும்ப வேண்டும் என்று தெரியவில்லை. இருபது வருஷமாகக் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நூல்களைப் பிய்த்துப் போட்டேன். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி பானெட்டின் மேல் நகர்த்தினேன். தகட்டில் காந்தம் ஒட்டும். ஒடுங்கிய இடத்தைப் பட்டி வைத்து நிரப்பிப் பெயிண்ட் அடித்திருந்தால் ஒட்டாது, வழுக்கும். அந்த மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாது, காற்றுக்குத் தெரியும். வழுக்கின இடத்தையெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். கோடு சேர்ந்து முடிந்தபோது நூல்கள் காட்டிய அதே உருவம் இருந்தது. ஒரு தேங்காய் அவ்வளவு நீளமாக விழாது. அக்கா காப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். சாக்பீஸ் கோட்டைப் பார்த்தாள். டம்ளர்களை ஸ்டூலில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போனாள்.

அவள் போன பிறகு அவர் சொன்னார். விழிஞ்ஞத்துக்கு மீன் எடுக்கப் போகிற பொம்மனாட்டி. கையில் கழுவாத காலிக் கூடை. விடிகிற நேரத்து மங்கலில் சாலையைக் கடந்தாள். அவர் இறங்கிப் பார்த்திருக்கிறார். "கண்ணு தொறந்துதான் இருந்தது குட்டி. என்னைப் பார்த்தா. வாயைத் தொறந்தா, சத்தம் வரலை. நான் வண்டியைத் திருப்பிண்டு வந்துட்டேன்." அன்று சாயங்காலம் ஒரு மலையாள டிவியில் இரண்டு வரிச் செய்தியாக அவள் செத்துப்போனதைப் பார்த்தாராம். வண்டி எதுவென்று தெரியவில்லை என்றார்களாம். அதற்கப்புறமும் தினமும் அதே வழியில் போனது ஏன் என்று கேட்டேன். போகாமல் இருக்க முடியவில்லை என்றார். பிறகு ஷெட்டின் மூலையில் இருந்த கட்டிங் மெஷினைக் காட்டி, குழந்தை போலக் கெஞ்சினார். "அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துடு. அது போயிடுத்துன்னா அவ போயிடுவா. சூடு நின்னுடும்."

மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். "வெட்ட மாட்டேன் அத்திம்பேர். ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லுங்கோ. இன்னிக்கே போங்கோ" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அக்கா, அவள் மானம், தெருவில் நாலு பேர் பேசப்போவது, எனக்காக அவர் போட்ட சண்டை எதுவும் அப்போது மனசில் வரவில்லை. நியாயம் என் பக்கம் இருக்கிறது என்கிற ஒரு திமிர் இருந்தது என்றுகூட இப்போது தோன்றுகிறது. அக்காவிடம் சொல்ல ஒரு நாள் வேண்டும் என்றார். மறுநாள் காலை நானும் கூடப் போனேன். காரை அவரே ஓட்டினார். ஸ்டேஷனில் பழைய ஃபைலைத் தேடி எடுத்து அந்த அம்மாளின் பெயரை வாசித்தார்கள். அத்திம்பேர் அந்தப் பெயரை முதல் தடவையாகக் கேட்டார். ஒரு முறை தானும் சொல்லிப் பார்த்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஜாமீனில் வந்துவிட்டார். கேஸ் நடக்கிறது. கார் போலீஸ் வசம்தான் இருக்கிறது. அவர் இப்போது காலையில் எங்கும் போவதில்லை, நன்றாகத் தூங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். நான் அங்கே போவதில்லை. அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வீட்டுக்காரரைப் பிடித்துக் கொடுத்த தங்கையோடு யார் பேசுவார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து, போன வாரம், மத்தியான வெயிலில் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நாகர்கோவிலுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி அவர் என்கிட்ட வண்டியைக் கழுவச் சொன்னார்டி" என்றாள். "தேங்காய் விழுந்துதுன்னார். வாளியில தண்ணி எடுத்துண்டு போனேன். கிரில் பூரா செதில். மீன் செதில். ஜென்மத்துல நான் மீனைத் தொட்டதில்லை, கேட்டியா, ஆனா அது என்னன்னு தெரியாதா? செதிலோட ஒரு நீள முடி. பாதி நரைச்சது. எல்லாத்தையும் துணியால வழிச்சு எடுத்துக் கழுவி விட்டேன். அப்புறம் தீட்டாச்சேன்னு தலையோட குளிச்சேன். குளிச்சுட்டு வந்து ஸ்வாமிக்கு விளக்கேத்தினேன். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."

அவள் மடியில் இருந்த தன் கைகளை நன்றாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இதை நான் எங்க போய்ச் சொல்லணும்? நீ சொல்லு" என்றாள்.

அத்திம்பேர் கேட்காமலேயே, இதற்கு அவரிடம் யோசிக்காமல் பதில் சொன்னவள் நான். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோர் குடிக்கறயா அக்கா என்று கேட்டேன்.